முந்தி வரும் வெளிச்சம்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை மொட்டை மாடியில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், நம் குட்டிப்பெண் வாலு, கீழ்வீட்டுத் தையல்காரர், அவர் மனைவி. ஆக ஐந்து பேர். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பூனையும் இருந்தது. அது பார்த்ததா இல்லையா என்று தெரியாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆண்டவன் புண்ணியத்தில் எல்லோரும் சௌக்கியம். வாலுவுக்கு முன்பல் இரண்டு விழுந்து, பேச்சுக்குப் பாதி காற்றுதான் வருகிறது. ஆனாலும் பேச்சு குறையவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மலைக்குளிருக்குப் போன வருடம் அனுப்பிய கம்பளிச் சட்டை போதுமா?

உன் டிசம்பர் 20 கடிதமும், செயற்கைக்கோள் தெரியும் நேர அட்டவணையும் வந்தன. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அப்படியே மேலே போனேன். தையல்காரர் காதில் பென்சிலோடு வந்து நின்று, "நம்ம தம்பி விட்டதாம்மா அது?" என்று கேட்டார். விட்டது வேறு ஆட்கள், அது அனுப்புவதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் தம்பியின் வேலை என்று விளக்கினேன். ஆறு நாற்பத்திரண்டுக்கு, நீ குறித்த அதே நிமிடத்தில், மேற்கே அச்சகக் கூரைக்கு மேல் ஒரு வெளிச்சம் புறப்பட்டது. மினுக்கவில்லை, சத்தம் இல்லை. வரப்பில் நடக்கிற ஆள் மாதிரி நேராக வந்தது. தொட்டியைத் தாண்டிக் கிழக்கே பாதி வானம் போனதும் யாரோ ஊதி அணைத்ததுபோல் மறைந்துவிட்டது. பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று நீ முன்பே எழுதியிருந்ததால் நான் பதறவில்லை. தையல்காரர் மனைவிதான் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு சந்தேகம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் வாடகை நூலகத்திலும் வாலுவின் பாடப் புத்தகத்திலும் பொறுக்கியது. எல்லாவற்றையும் பூமி இழுக்கிறது என்று அதில் போட்டிருக்கிறது. அப்படியானால் உன் செயற்கைக்கோள் ஏன் விழவில்லை? அதற்கு இறக்கை கிடையாது என்கிறாய். எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

இன்னொன்று, சந்தேகம் இல்லை, கேள்வி. வீட்டுக்கு எப்போது வருகிறாய்? அம்மா போய் நாலு வருடமாகிவிட்டது. மாடி அறையை வாரம் ஒருமுறை பெருக்கித்தான் வைத்திருக்கிறேன்.

உன் நலம் வேண்டிக்கொள்ளும்,
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானையும் வாலுவையும் நலம் விசாரித்ததாகச் சொல்லவும். பூனையைக் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

அது ஏன் விழவில்லை என்று கேட்டிருக்கிறாய். விழுந்துகொண்டுதான் இருக்கிறது அக்கா. ஏறிய நாள் முதல் ஒரு விநாடிகூட விழாமல் இருந்ததில்லை.

நீ மாடியில் துணி உலர்த்தும்போது கிளிப் ஒன்று கை தவறி முற்றத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள். ஏறக்குறைய ஐந்து மீட்டர், ஒரு விநாடி. இப்போது அதைக் கைப்பிடிச் சுவரிலிருந்து நேராகத் தெருப் பக்கம் வீசு. கொஞ்சம் தள்ளி விழும். ஆனால் அதே ஒரு விநாடியில் விழும். இன்னும் பலமாக வீசினால் இன்னும் தள்ளி. பூமி தட்டையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அது உருண்டை. எட்டு கிலோமீட்டர் போனால் தரை ஐந்து மீட்டர் கீழே வளைந்துவிடுகிறது. அதனால் கிளிப்பை விநாடிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அது ஐந்து மீட்டர் விழும், தரையும் ஐந்து மீட்டர் விலகிக்கொள்ளும். அடுத்த விநாடியும் அப்படியே. விழும், ஆனால் வந்து சேராது.

நிலாவும் விழுகிறது. தூரம் அதிகம், இழுப்பு குறைவு, அதனால் விநாடிக்கு ஒரு அரிசியின் கனம்தான்.

ஒரு சேதி. நாலு வருடமாக நான் காது கொடுத்த அந்தக் கோளுக்குப் போன வாரம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்தது. அது சேதி அனுப்பும் கருவியையும் நிறுத்தியாகிவிட்டது. இனி அலுவலகம் அதற்கு அட்டவணை போடாது. ஆனால் வெளிச்சம் தெரியும். வாலு ஏமாந்துபோகக் கூடாது என்று நானே கையால் கணக்குப் போட்டு ஐந்து மாலைகளுக்கு எழுதி இணைத்திருக்கிறேன்.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பார்க்கலாம்.

உன் தம்பி


பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாவரும் சுகம். உன் சுகத்தைப் பற்றி "நான் நலம்" என்று இரண்டு சொல் எழுதியிருக்கிறாய். அதையும் என் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கிளிப்பைப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு தடவை. வாலு கீழே நின்று "டொக்" என்றதும் கத்துவாள். ஒரு விநாடி சரிதான். பதின்மூன்றாவது கிளிப் தையல்காரரின் தலையில் விழுந்ததால் நிறுத்திக்கொண்டோம்.

அடுத்தது என் தவறு. உன் அட்டவணைக்கும் நம் கூடத்துக் கடிகாரத்துக்கும் ஒத்துப்போகவில்லை. எட்டாம் தேதி வெளிச்சம் தொட்டி விளிம்பைத் தொடும்போது கடிகாரம் நீ எழுதியதைவிட ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி குறைவாகக் காட்டியது. கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று முள்ளை முன்னால் தள்ளி வைத்தேன். பத்தாம் தேதி மறுபடியும் ஐம்பத்தாறு விநாடி. தள்ளி வைத்தேன். பன்னிரண்டாம் தேதி எழுபத்திரண்டு. பதினாலாம் தேதி எண்பத்தெட்டு. பதினாறாம் தேதி நூற்று நாலு. ஒவ்வொரு தடவையும் தள்ளி வைத்தேன். இப்போது நம் கடிகாரம் வானொலிச் செய்திக்கு ஆறரை நிமிடம் முன்னால் ஓடுகிறது. வானொலிக்காரன்தான் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். உன் அத்தான் பத்து வருடத்தில் முதல்முறையாக எட்டேகால் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். "கண்டக்டர் என்னைப் பாத்துட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்னு கேட்டான்" என்கிறார்.

ஆனால் தம்பி, கெட்டுப்போன கடிகாரம் இப்படி ஒழுங்காகக் கெடுமா? முதல் நாளை விட்டுவிடு. மற்ற நாலும் பதினாறு பதினாறாகக் கூடுகின்றன. நான் ஏதோ தப்பாகக் குறிக்கிறேன் போல. சொல்லிக்கொடு.

விழும், ஆனால் வந்து சேராது என்று எழுதியதைப் பலமுறை படித்தேன். வருடா வருடம் பயிற்சிக்கென்று ரயில் சந்திப்பு வரை வருகிறாய். அங்கிருந்து நம் வீடு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நாலு வருடமாக அதுவரை வந்து அப்படியே திரும்பிப் போகிறாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. குறித்து மட்டும் வைத்திருக்கிறேன்.

உனக்காக வேண்டிக்கொள்ளும்,
அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அதுவே என்று நம்புகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பழையபடி வை. நீ குறித்தது ஒன்றுகூடத் தப்பில்லை. தப்பு என் அட்டவணையில்.

அவ்வளவு உயரத்தில் காற்று இல்லை என்பார்கள். கொஞ்சம் இருக்கிறது. அகல்விளக்குப் புகை ஊரெல்லாம் பரவினால் எவ்வளவு இருக்குமோ அதைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது. அலுவலகத்தில் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். நான் கையால் போட்டபோது காற்றை விட்டுவிட்டேன். அந்தக் காற்று உரசி உரசி அதைக் கீழே இறக்குகிறது. இறங்க இறங்க அது சீக்கிரம் சுற்றுகிறது. அதனால்தான் உன் மாடிக்கு முந்தி வருகிறது. நாளாக ஆக இன்னும் முந்தும். நீ கண்ட பதினாறு அதுதான்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கடிகாரம் சரி, வானொலி சரி, ஊரே சரி. அப்படியிருந்தும் ஐந்து தடவை முள்ளைத் தள்ளி வைத்திருக்கிறாயே. தம்பி தப்பாக எழுதியிருப்பான் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா?

இப்போதெல்லாம் ஆன்டெனா ஏணியில் நான் ஏறுவதில்லை. வேறு ஆள் ஏறுகிறார். எனக்கு மேசை வேலை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டேன். மலைச் சமையல் அப்படி.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். கடிகாரத்தைத் திருத்தியாயிற்று. உன் அத்தான் மறுபடியும் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறார், மனிதருக்கு முகத்தில் களை வந்திருக்கிறது.

தோன்றவில்லை. நீ எழுதியது என்றால் எனக்குச் சரிதான். அப்படித்தான் வளர்ந்தோம்.

ஆனால் நீ சொல்வது எனக்கு ஒட்டவில்லை. காற்று உரசினால் வேகம் குறையத்தானே வேண்டும்? சைக்கிளில் எதிர்காற்று அடித்தால் உன் அத்தான் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறார். உன் கோளை மட்டும் எதிர்காற்று எப்படிச் சீக்கிரம் ஓட வைக்கும்? என்னை ஏமாற்றாமல் விளக்கு.

உன் கடிதங்களை நோட்டில் பார்த்தேன். டிசம்பர் கடிதத்துக்கும் பிப்ரவரிக் கடிதத்துக்கும் நடுவே நாற்பத்துநாலு நாள். அடுத்தது முப்பத்துநாலு நாளில் வந்துவிட்டது. அக்கா ஞாபகம் இப்போதாவது வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். தபால்காரரிடமும் சொன்னேன். அவர், "தம்பிக்குக் கல்யாணம் கில்யாணம் ஏதாச்சும் ஆகியிருக்கும்மா, அதை எப்படிச் சொல்றதுன்னு சுத்தி சுத்தி வர்றாரு" என்றார். அப்படி ஏதாவது இருந்தால் தாராளமாக எழுது.

பெல்ட் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டைத் தவிர்க்காதே.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கல்யாணம் இல்லை. தபால்காரரிடம் என் வருத்தத்தைத் தெரிவிக்கவும்.

நீ கணக்கு எழுதுகிறவள், உனக்குக் கணக்காகவே சொல்கிறேன். உயரத்தில் இருக்கும் ஒரு பொருளிடம் இரண்டு கையிருப்பு உண்டு. ஒன்று உயரம். மற்றது வேகம். காற்று அதனிடமிருந்து ஒரு பங்கு பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கியதால் அது கொஞ்சம் இறங்குகிறது. இறங்கும்போது உயரத்திலிருந்து இரண்டு பங்கு கைக்கு வருகிறது, பூமி இழுக்கிறது அல்லவா. ஒன்று காற்றுக்குப் போக, மீதி ஒன்று வேகத்தில் சேர்ந்துவிடுகிறது. அதனால் இழந்துகொண்டே வேகமாகிறது. கீழே போகப் போகச் சுற்றும் சின்னது, நேரமும் குறைவு.

அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு அது உற்சாகமாக ஓடுவதுபோல் இருக்கும். முன்பைவிடச் சீக்கிரம் வருகிறதே, முன்பைவிடப் பளிச்சென்று இருக்கிறதே என்பார்கள். கிட்டே வந்துவிட்டது, அதனால் பளிச்சென்று இருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த வருடம் சூரியன் வேறு உக்கிரமாக இருப்பதால் மேல்காற்று உப்பியிருக்கிறது. நாங்கள் நினைத்ததைவிட முன்னாலேயே இறங்கிவிடும் போலிருக்கிறது. வருடக் கடைசி என்றிருந்தோம். இப்போது மே மாதம் என்கிறார்கள். கவலைப்படாதே, யார் தலையிலும் விழாது. கிளிப்பைவிட ஒழுங்கானது. பெரும்பாலும் எரிந்துவிடும். மிச்சம் யாரும் இல்லாத கடலில் விழும்.

அறை மாற்றியிருக்கிறார்கள். இந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது. நல்ல வெளிச்சம்.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம்.

உன் கணக்கு புரிந்தது. நாலு தடவை படித்து, ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம் பற்று என்று கோடு போட்டு எழுதிப் பார்த்ததும் புரிந்தது. அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எதிர்காற்றே வேகம் கொடுக்கும் இடத்தை ஆண்டவன் தலைக்கு மேலேயே வைத்திருக்கிறான், எனக்கு இத்தனை வயதில்தான் தெரிகிறது.

மே மாதம் வாலுவுக்குப் பள்ளி விடுமுறை. உன் கோளும் விடைபெற்றுவிடும் என்கிறாய். அப்புறம் அங்கே உனக்கு என்ன வேலை? வந்து ஒரு மாதம் இரு. மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். மின்விசிறியில் ஒரு சத்தம் இருக்கிறது. நீ வந்தால் சரிசெய்துவிடுவாய் என்று ஆளைக் கூப்பிடாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டு சில்லறைக் கேள்விகள். எப்போதும் பேனாவில் எழுதுகிறவன் பென்சிலில் எழுதியிருக்கிறாய். உறையில் எப்போதும் மலை அஞ்சல் நிலைய முத்திரை இருக்கும். இந்தத் தடவை மலையடிவார ஊரின் முத்திரை இருக்கிறது. நிலையத்தைக் கீழே மாற்றிவிட்டார்களா?

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது, அதனால் பென்சில். அதற்கும் பூமியின் இழுப்புதான் காரணம் என்று வாலுவிடம் சொல். தபாலைக் கீழே போகிற யாரோ போடுகிறார்கள்.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? அம்மா அதற்கடியில் ஒரு செம்பு வைத்து, ஒரு செம்பு நிறைய எத்தனை மணி நேரம் என்று என்னைக் கணக்குப் போடச் சொன்னாள். முதல் கணக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனை நாள் கேட்காததை இப்போது கேட்கிறேன். கடைசியில் அம்மா என்னைக் கேட்டாளா?

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

குழாய் சொட்டுகிறது. செம்பும் இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுதமாட்டேன். வீட்டுக்கு வா, அம்மா படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். விடுமுறை தொடங்க எட்டு நாள்தான் இருக்கிறது.

படுத்துக்கொண்டு ஏன் எழுதுகிறாய்?

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். காத்திருக்கத் தோன்றவில்லை.

அம்மா விஷயத்தில் நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தந்தி தாமதமாகக் கிடைத்தது என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள். நானும் இல்லையென்று சொல்லவில்லை. தந்தி நேரத்துக்கே வந்தது. செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. "அம்மா கவலைக்கிடம், உடனே வா." கையில் வாங்கிப் படித்தேன். அன்றைக்குக் காலையில்தான் கோளை ஏவியிருந்தார்கள். இருபது நிமிடத்தில் அது முதல்முறையாக எங்கள் தலைக்கு மேல் வரவேண்டும். அதன் குரலை முதலில் பிடிப்பவன் நான். இதைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று தந்தியைச் சட்டைப் பையில் வைத்தேன்.

வந்தது. கேட்டது. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த சுற்று தொண்ணூற்றிரண்டு நிமிடத்தில். அதில் ஏதோ கோளாறு தெரிந்தது. இன்னும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அப்புறம் இன்னும் ஒரு சுற்று. அப்படியே மறுநாள் மதியம் ஆகிவிட்டது. என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை. அம்மா காத்திருப்பாள், அது காத்திருக்காது என்று நினைத்தேன்.

நான் வந்து நின்றபோது வாசலில் நீ சொன்னது சரிதான். அதனால்தான் பையைக் கீழே வைக்காமல் திரும்பிவிட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


மே 3

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவைப் பற்றி எழுத வேண்டாம். நான் கேட்டிருக்கக் கூடாது.

கடைசி அட்டவணை, ஒரே வரி. மே 12, மாலை 6.51, மேற்கு. இந்தத் தடவை காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். மிகவும் தாழ்ந்துவிட்டது, வேகமாகக் கடந்துவிடும். எதற்கும் ஐந்து நிமிடம் முன்னாலேயே மாடிக்குப் போய்விடு. அதற்குப் பிறகு உங்கள் பக்கம் வராது.

பதிலுக்கு அவசரமில்லை.

தம்பி


மே 8

என் அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் சுகம் என்று இன்றைக்கு எழுதப் போவதில்லை.

நேற்று உன் கடிதம் வந்ததும் வழக்கம்போல் நோட்டில் தேதி குறிக்க உட்கார்ந்தேன். உன் கடிதங்கள் ஒரு பக்கம், வெளிச்சம் வந்த நேரங்கள் எதிர்ப் பக்கம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தேன். டிசம்பரிலிருந்து உன் கடிதங்களுக்கு இடையே இருந்த நாட்கள் இவை: நாற்பத்துநாலு, முப்பத்துநாலு, இருபத்துநாலு, பதினாறு, பத்து, ஆறு. அடுத்த எண்ணைப் போட என் கை வரவில்லை.

சீக்கிரம் சீக்கிரம் எழுதுகிறானே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இறங்குவதுதான் முந்தி வரும் என்று எனக்கு எழுதிக்கொடுத்தவன் நீ. பதினாறு விநாடியைக் கண்டுபிடித்தவள், இதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தில் செய்த அதே தப்பு. நீ "நலம்" என்று எழுதினாய், நான் அதற்கு ஏற்ப என் கண்ணைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டேன். ஏணி, பெல்ட், மேற்கு ஜன்னல், பென்சில், முத்திரை. எல்லாம் நோட்டில் தேதியோடு இருக்கிறது. இனி முள்ளைத் தொட மாட்டேன்.

உன் அத்தான் அச்சகத்திலிருந்து உன் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். மார்ச் கடைசியிலிருந்து விடுப்பில் இருக்கிறார், கீழே ஊரில் சிகிச்சை, எந்த இடம் என்று சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்களாம். அத்தான் வீட்டுக்கு வந்து நெடுநேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "நீ கிளம்பு, வாலுவ நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

உன் ஏப்ரல் 27 கடிதத்துக்குப் பதில் இது. தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றாய் என்று இப்போது தெரியும். எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் பையிலும் ஒன்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குள் அம்மா நாலு தடவை கேட்டாள், "வந்துட்டானா?" என்று. நாலாவது தடவை நான், "வழியில இருக்காம்மா" என்றேன். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்கே தெரியாது. அம்மா, "அப்ப சரி, வந்தா சாப்பிடச் சொல்லு" என்றாள். அப்புறம் கேட்கவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. நீ வந்துகொண்டிருக்கிறாய் என்ற நிம்மதியோடுதான் போனாள், தம்பி. இதை மூன்றாம் நாள் நீ வந்து நின்ற வாசலிலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "இனி யாரைப் பாக்க வந்தே?" என்று கேட்டேன். எல்லாவற்றையும் குறித்து வைக்கிற நான் அதை மட்டும் எழுதி வைக்கவில்லை. உன்னை வீட்டுக்கு வரவழைக்க அம்மாவின் கடைசிப் பேச்சைப் பிடித்துவைத்துக்கொண்டேன். நாலு வருடம் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டேன், ஒரு நாளாவது இதற்கு மன்னிப்புக் கேட்டேனா என்றால் இல்லை. இப்போது கேட்கிறேன், சாமியிடம் அல்ல, உன்னிடம்.

பன்னிரண்டாம் தேதி மாலை ஆறே முக்காலுக்கே மாடிக்குப் போவேன். நீ சொன்ன ஐந்து நிமிடத்துக்கும் ஒரு நிமிடம் முன்னால். பதின்மூன்றாம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. அதற்கு முந்தைய ரயில்களில் இடம் கிடைக்கவில்லை. வெள்ளையடித்த அறை அப்படியே இருக்கிறது. மின்விசிறியும் அப்படியே இருக்கிறது. நீ எழுந்து வரமுடிந்தால் கூட்டிக்கொண்டு வருவேன். முடியாவிட்டால் அந்த மேற்கு ஜன்னலடியில் நான் இருப்பேன். யாரும் இல்லாத கடலாகப் பார்த்து இறங்குவது உன் கோளுக்குச் சரி. உனக்கு வேண்டாம்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். பதிலைத் தந்தியாகவே கொடு. பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, கட்டில் எண் என்ன, இந்த மூன்றும் போதும்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா